குறை யாருடையது? ஆங்கில ஆய்வெழுத்தில் தாய்மொழியாளரும் பிறமொழியாளரும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆய்வாளர்கள் அம்மொழியில் ஆய்வுக்கட்டுரை எழுதும்போது இடர்ப்படுகின்றனர் என்பது பரவலான கருத்து. அவ்விடர்ப்பாட்டின் காரணம் எங்கே உள்ளது என்னும் வினாவிற்கு 1966 முதல் 2023 வரை அறிஞர்கள் அளித்த விடைகளைக் காலவரிசையில் தொகுத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். எழுதுவோரின் சிந்தனைமுறை, எழுத்து வகைமை பற்றிய அறிவு, பொருள்வசதி, இதழ்களின் வாயில்காப்பு என அவ்விடை படிப்படியாக இடம்பெயர்ந்துள்ளது. ஆய்வுமொழி எவருக்கும் தாய்மொழியன்று. ஆயினும் அதைக் கற்பதற்கான விலை எல்லோருக்கும் ஒன்றன்று என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் முடிபு. நன்னூல் கூறும் பாயிர இலக்கணமும் எழுவகை மதமும் இவ்விவாதத்தில் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

ஆய்வெழுத்து, ஆங்கிலம், தாய்மொழியாளர், பிறமொழியாளர், வகைமைப் பகுப்பாய்வு, பாயிரம், யாழ்ப்பாணம், மொழி அநீதி

முன்னுரை

ஆய்விதழுக்கு அனுப்பப்பட்ட கட்டுரை திரும்பி வரும்போது, ‘ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டித் திருத்துக’ என்னும் குறிப்பு உடன் வருவதைப் பிறமொழி ஆய்வாளர் பலர் அறிவர். பார்வைக்கு இது எளிய அறிவுரை. ஆயினும் இதனுள் மூன்று துணிபுகள் அடங்கியுள்ளன. தாய்மொழியாளர் எவரும் ஆய்வுநடையை அறிவார் என்பது முதலாவது. பிறமொழியாளரின் இடர்ப்பாடு மொழியளவில் நிற்பது என்பது இரண்டாவது. திருத்தித் தருபவர் ஒருவர் எல்லோர்க்கும் கிடைப்பார் என்பது மூன்றாவது. இம்மூன்றும் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்பது தேவையாகிறது. இக்கட்டுரையில் ‘தாய்மொழியாளர்’ என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையோரையும், ‘பிறமொழியாளர்’ என்பது அல்லாதோரையும் குறிக்கும்.

1. இலத்தீனிலிருந்து ஆங்கிலத்திற்கு

ஆங்கிலத்தில் வெளிவந்த முதல் அறிவியல் இதழாகிய ‘பிலசாபிக்கல் டிரான்சாக்சன்ஸ்’ 1665ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இலண்டனில் தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கி நடத்தியவர் இராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க். அவர் செருமானிய நாட்டின் பிரெமன் நகரில் பிறந்தவர்; ஆங்கிலம் அவர் பிற்காலத்தில் கற்ற மொழி. ஆங்கில ஆய்விதழ் மரபின் முதல் ஆசிரியரே ஒரு பிறமொழியாளர் என்பது நோக்கத்தக்கது. நுண்ணோக்கியின் வழி நுண்ணுயிர்களைக் கண்டறிந்த டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக் இலத்தீனும் ஆங்கிலமும் அறியாதவர். 1673 முதல் அவர் டச்சு மொழியில் எழுதி அனுப்பிய மடல்கள் மொழிபெயர்க்கப்பட்டே அவ்விதழில் இடம்பெற்றன. அறிவு அவரிடமிருந்தது, மொழியைத் தந்தவர் பிறர்.

அக்காலத்து ஐரோப்பிய அறிஞரின் பொதுமொழி இலத்தீன். நியூட்டன் தம் ‘பிரின்சிபியா’வை 1687இல் இலத்தீனிலும், ‘ஆப்டிக்ஸ்’ நூலை 1704இல் ஆங்கிலத்திலும் வெளியிட்டார். இலத்தீன் அன்று எவருக்கும் தாய்மொழியாக இல்லாமையால் அதைக் கற்கும் சுமை எல்லா நாட்டினர்க்கும் இருந்தது. தாய்மொழிகளில் எழுதும் வழக்கம் வளர்ந்தபோது அச்சமநிலை குலைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன் ஆகிய மூன்றும் அறிவியல் மொழிகளாக நிலைபெற்றன.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலக் கட்டுரையொன்று செருமன் மொழிக்குச் சென்றே உலகப்புகழ் பெற்ற நிகழ்வும் உண்டு. டாக்காப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போசு 1924ஆம் ஆண்டு சூன் திங்களில் தம் ஆங்கிலக் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அதை மொழிபெயர்க்கத் தமக்குப் போதிய செருமன் அறிவில்லை என்பதையும் மடலில் குறிப்பிட்டார். ஐன்ஸ்டைன் தாமே அதைச் செருமனில் பெயர்த்து, ‘சைட்ஷ்ரிஃப்ட் ஃபியூர் ஃபிசிக்’ இதழில் வெளிவரச் செய்தார். ஆய்வு அரங்கேறுவதற்கு மொழி அறிந்த ஒரு துணைவர் தேவைப்பட்டார் என்பதை லேவன்ஹூக், போசு ஆகிய இருவர் வரலாறும் ஒருங்கே காட்டுகின்றன.

செருமனின் வீழ்ச்சிக்கு அரசியலே முதன்மைக் காரணம். முதல் உலகப் போருக்குப் பின் அனைத்துலக அறிவியல் அமைப்புகளிலிருந்து செருமானிய அறிஞர் விலக்கப்பட்டனர். 1933க்குப் பின் நாசி ஆட்சியால் யூத அறிஞர் பலர் நாடு நீங்கினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ஆய்வு நிறுவனங்களின் செல்வம் ஓங்கியது. 1964இல் யூஜின் கார்ஃபீல்டு தொடங்கிய அறிவியல் மேற்கோள் அடைவு, எந்த இதழ் கணக்கில் வரும் என்பதை வரையறுக்கத் தொடங்கியது. ஆக, ஆங்கிலம் ஆய்வுமொழியானதற்கு அதன் அமைப்பில் உள்ள தனிச்சிறப்பு எதுவும் காரணமன்று.

2. சிந்தனையின் குறையா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் பெருகிய சூழலில் ராபர்ட் கேப்லன் 1966இல் ‘லாங்குவேஜ் லேர்னிங்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழ 600 மாணவர் கட்டுரைகளை ஆராய்ந்த அவர், ஒவ்வொரு பண்பாட்டிற்கும் தனித்த சிந்தனையோட்டம் உண்டு என்றும் அதுவே பத்தியமைப்பில் வெளிப்படுகிறது என்றும் கூறினார். ஆங்கிலத்திற்கு நேர்கோடு, கீழைமொழிகளுக்குச் சுருள், செமித்திய மொழிகளுக்கு இணைகோடுகள் எனப் படங்களும் வரைந்தார். மொழிகளின் எடுத்துரைப்பு முறைகளை உறழ்ந்து நோக்கும் ஆய்வுத்துறை இக்கட்டுரையிலிருந்தே தோன்றியது.

பிறமொழி மாணவரின் எழுத்தைப் பிழையென்று தள்ளாமல் அதன்கண் ஓர் ஒழுங்கைத் தேடியது கேப்லனின் சிறப்பு. ஆயினும் அவர் முறையில் மூன்று குறைகள் உள. பிறமொழியாளர் கற்றுக்கொண்டிருந்த ஆங்கிலத்தில் எழுதியவற்றைக் கொண்டே அவர்தம் தாய்மொழியின் சிந்தனைமுறையை உய்த்துணர்ந்தார். பல மொழிகளைக் ‘கீழை’ என்னும் ஒரே பெயருள் அடக்கினார். ஆங்கிலத்தின் நேர்கோடோ, பயிற்சி நூல்கள் விதிக்கும் இலட்சிய வடிவம்; ஆங்கிலேயரும் அமெரிக்கரும் உண்மையில் எழுதுவதை அளந்து பெற்றதன்று. கேப்லனே 1987இல் தம் முந்தைய கூற்று மிகைப்பட்டது என ஏற்றுக்கொண்டார். எனினும் ‘அவர்கள் சுற்றிவளைத்து எழுதுவர்’ என்னும் எண்ணம் மதிப்பீட்டாளரிடையே எளிதில் மறையவில்லை.

3. வகைமை அறிவின் குறையா? சுவேல்சும் நன்னூலாரும்

1981இல் இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் சுவேல்ஸ் 48 ஆய்வுக்கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்தார். 1990இல் வெளிவந்த ‘வகைமைப் பகுப்பாய்வு’ நூலில் அவ்வாய்வை விரித்து, முன்னுரையில் மூன்று நகர்வுகள் உண்டு என நிறுவினார். ஆய்வுக்களத்தை நிறுவுதல், அக்களத்தில் உள்ள இடைவெளியைக் காட்டுதல், அவ்விடைவெளியைத் தம் ஆய்வால் நிரப்புதல் என்பன அவை. இதனால் ஆய்வின் நோக்கு எழுதுபவரின் மனத்திலிருந்து எழுத்தின் வடிவத்திற்கு மாறியது. வடிவம் கற்கத்தக்கது, அதைத் தாய்மொழியாளரும் கற்றே ஆகவேண்டும். ஆய்வுமொழி எவருக்கும் தாய்மொழியன்று, கற்றோர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அன்று எனப் பிரெஞ்சுச் சமூகவியலார் பூர்தியுவும் பாசெரோனும் 1965இலேயே கூறியிருந்தனர்.

இம்மூன்று நகர்வுகளும் தமிழ் மரபிற்கு முற்றிலும் அயலானவையா என்பது தமிழாய்வாளர் எழுப்பவேண்டிய வினா. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைச் சிறப்புப்பாயிரம் காட்டவேண்டும் என்பது நன்னூல். இவற்றுள் ‘வழி’ முன்னை நூலோடு உள்ள தொடர்பை உணர்த்துவது. சுவேல்ஸ் கூறும் முதல் நகர்வோடு இது ஒப்புநோக்கத்தக்கது. ‘நுதலிய பொருளும்’ ‘பயனும்’ மூன்றாம் நகர்வின் பணியை ஆற்றுவன. இரண்டாம் நகர்வாகிய இடைவெளி காட்டுதல் இப்பட்டியலில் இல்லை. ஆனால் நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் மறுத்தலும் பிறர்நூற் குற்றம் காட்டலும் இடம்பெறுகின்றன. முன்னோரை மறுக்கத் தமிழ் மரபு தயங்குவது என்னும் கருத்து இதனால் வலுவிழக்கிறது.

வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. பாயிரம் உரைத்தற்கு உரியவராகத் தன் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரை நன்னூல் சுட்டுகிறது. தன்னைத்தான் புகழ்தல் தகுதியன்று எனவும் விலக்குகிறது. ஒரு நூலின் தேவையையும் பெருமையையும் பிறர் எடுத்துரைப்பதே முறை. ஆங்கில ஆய்வுக்கட்டுரையிலோ அப்பணியை எழுதியவரே செய்தாகவேண்டும். தமிழ்வழிக் கற்ற ஆய்வாளர் ‘இவ்வாய்வு இதுவரை எவரும் செய்யாதது’ என எழுதத் தயங்குவதற்கு அவையடக்க மரபின் இவ்வியல்பும் ஒரு காரணமாகலாம். ஆனால் நன்னூலார் விலக்கும் தந்துள்ளார். தன் ஆற்றலை உணராதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், மாற்றார் பழித்துரைக்கும்போதும் தன்னைப் புகழ்தல் புலவனுக்குத் தகும். பெயர் மறைத்து அனுப்பப்படும் கட்டுரை, ஆசிரியனின் ஆற்றலை அறியாதார் அவைக்கே செல்கிறது. அங்குத் தன் ஆய்வின் தேவையைத் தானே கூறுதல் நன்னூல் வகுத்த விலக்கினுள் அடங்கும். வகைமையைக் கற்பிக்கும் ஆசிரியர் இம்மரபுவழிச் சான்றைப் பயன்கொள்ளலாம்.

4. வசதியின் குறையா? யாழ்ப்பாணச் சான்று

வடிவத்தைக் கற்றவர் அனைவரும் வெளியிட முடிகிறதா என வினவியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா. 1990களின் தொடக்கத்தில் போர்ச்சூழலும் பொருளாதாரத் தடையும் யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்திருந்தன; மின்சாரம் இல்லை; தாளுக்கும் தட்டுப்பாடு. அப்பட்டறிவின் அடிப்படையில் அவர் 1996இல் ‘ரிட்டன் கம்யூனிகேஷன்’ இதழில் எழுதிய கட்டுரை, எழுத்துக்குப் புறம்பான தேவைகளைப் பேசியது. ஒரு கட்டுரையைப் பல படிகள் எடுத்து அனுப்புதல், குறித்த தரமுடைய தாள், அயல்நாட்டு அஞ்சற்செலவு, அண்மைக்கால நூல்களைச் சுட்டும் கட்டாயம், திருத்தங்களுக்கான காலக்கெடு ஆகியவை மேலை நாட்டினருக்குக் கண்ணில் படாத நடைமுறைகள். விளிம்பிலுள்ள ஆய்வாளருக்கோ அவையே வாயிலடைப்புகள். மதிப்பீட்டாளர் ‘அண்மைய ஆய்வுகளை அறியாதவர்’ எனக் குறிப்பெழுதும்போது நூலகமின்மை அறியாமையாகப் பெயர் பெறுகிறது.

2002இல் வெளிவந்த ‘ஆய்வெழுத்தின் புவியரசியல்’ என்னும் நூலில் கனகராஜா இவ்வாதத்தை விரித்தார். விளிம்பில் உருவாகும் அறிவு மையத்தின் இதழ்களை அடையாமையால் இழப்பு விளிம்பினர்க்கு மட்டுமன்று. ஆய்வுலகம் முழுவதற்கும் உரியது என்பது அவர் கருத்து. இவ்விவாதத்தின் திசையை மாற்றிய சான்று ஒரு தமிழ் நிலத்திலிருந்து கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. தாளும் அஞ்சலும் இன்று தடைகளாக இல்லை எனலாம். ஆனால் கட்டணம் கட்டாமல் திறக்காத இதழ்களும், வெளியீட்டிற்காக ஆசிரியரிடம் பெறப்படும் தொகையும் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன.

5. வாயிலின் குறையா? 2016ஆம் ஆண்டு விவாதம்

ஹாங்காங் ஆய்வாளரிடம் வினாநிரல்வழித் தரவு திரட்டிய ஜான் ஃபிளவர்டியூ, தாய்மொழியாளரோடு ஒப்பிடத் தாம் பின்தங்கியுள்ளதாக மூன்றில் இருபங்கிற்கும் மேற்பட்டோர் கருதியதை 1999இல் பதிவுசெய்தார். அங்கேரி, சுலோவாக்கியா, எசுப்பானியா, போர்த்துக்கல் ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 50 அறிஞரைத் தொடர்ந்து ஆராய்ந்த தெரசா லில்லிசும் மேரி ஜேன் கறியும், கட்டுரையை உருவாக்குவதில் திருத்துநர், மொழிபெயர்ப்பாளர், உடன்பணியாளர் முதலிய ‘எழுத்து இடையீட்டாளர்’ பெறும் பங்கினை வெளிக்கொணர்ந்தனர். இவர்களின் நூல் 2010இல் வெளிவந்தது. லேவன்ஹூக்கிற்கு ஓல்டன்பர்க்கும் போசுக்கு ஐன்ஸ்டைனும் ஆற்றிய பணியே இது. அப்பணியாளர் யாருக்குக் கிடைக்கிறார் என்பதே ஏற்றத்தாழ்வின் வேர் என இவர்கள் ஆய்வால் விளங்குகிறது.

2016இல் கென் ஹைலண்ட் ‘மொழி அநீதி’ என்பது ஒரு கட்டுக்கதை என வாதிட்டார். தாய்மொழியாளருள்ளும் புதியோர் ஆய்வுநடை அறியாது இடர்ப்படுகின்றனர். பிறமொழியாளர் பலர் தொடர்ந்து வெளியிடுகின்றனர். ஆதலின் பிரிவினை தாய்மொழியால் அமைவதன்று, பட்டறிவால் அமைவது என்பது அவர் கூற்றின் சாரம். அதே ஆண்டில் ஸ்டீபன் பொலிட்சர்-ஆலசும் உடனாய்வாளரும் இதனை மறுத்தனர். ஒரே அளவு தரமுடைய கட்டுரையை எழுத ஒருவர் மிகுதியாக உழைக்க வேண்டியிருப்பின், இறுதியில் இருவரும் வெளியிட்டனர் என்பதால் அநீதி இல்லையாகாது என்பது அவர்கள் விடை.

ஹைலண்டின் வாதத்தில் ஒரு பாதி ஏற்கத்தக்கது. தாய்மொழியாளர் பிறப்பிலேயே ஆய்வுநடை உடையவர் என்பது தவறு. ‘தாய்மொழியாளர்’ என்னும் கருத்தாக்கமே ஆய்வுக்கு நிற்காது என அகராதியியலார் தாமஸ் பைக்கடே 1985இல் எழுதிய நூலும் இங்கு நினைக்கத்தக்கது. மற்றொரு பாதி ஏற்கத்தக்கதன்று. இருவர் கற்பதும் ஒரே பாடமாயினும் தொடங்கும் இடம் வேறு. ஒருவர் ஆய்வுநடையை மட்டும் கற்கிறார். மற்றவர் மொழியையும் நடையையும் ஒருங்கே கற்கிறார்.

6. அளவிடப்பட்ட விலை

இவ்வேறுபாட்டின் அளவு என்ன என்பதற்கு 2023இல் விடை கிடைத்தது. டாட்சுயா அமானோவும் உடனாய்வாளரும் எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் அறிவியலாளரிடம் தரவு திரட்டி ‘பிளோஸ் பயாலஜி’ இதழில் வெளியிட்டனர். ஆங்கில எழுத்தைக் காரணங்காட்டிக் கட்டுரை மறுக்கப்படுதல் தாய்மொழியாளரைவிடப் பிறமொழியாளர்க்கு ஏறத்தாழ 2.5 மடங்கு மிகுதி. மொழியைத் திருத்துமாறு கேட்கப்படுதல் ஏறத்தாழ 12.5 மடங்கு மிகுதி. இவை ஆய்வாளர் தாமே கூறிய விடைகள் என்பதையும், ஒரு துறைக்கு உரியவை என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். ஆயினும், கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட இயலாத இடைவெளி இது.

அதே ஆண்டில் புதிய வாயில்காப்போன் ஒன்றும் ஆய்வுக்கு உள்ளானது. செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டறிவதாகக் கூறும் ஏழு மென்பொருள்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் சோதித்தனர். டோஃபல் தேர்வுக்காகப் பிறமொழியாளர் எழுதிய 91 கட்டுரைகளை அவை சராசரியாக 61.3 விழுக்காடு அளவிற்கு இயந்திரம் எழுதியவை எனத் தவறாகக் குறித்தன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவரின் கட்டுரைகளிலோ இப்பிழை மிகக் குறைவு. எளிய சொற்களும் எதிர்பார்க்கத்தக்க தொடர்களும் இயந்திரத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டதே இதன் காரணம். செம்மையாக எழுதாதபோது ‘திருத்துக’ எனவும், கற்றபடி எளிமையாக எழுதியபோது ‘இது உன் எழுத்தன்று’ எனவும் பிறமொழியாளர் கேட்க நேர்கிறது.

7. தமிழகக் கல்விச்சூழலுக்குப் பொருந்துவன

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு நெறிமுறைகள், முனைவர் பட்ட ஆய்வேடு அளிக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளியிடுவதைக் கட்டாயமாக்கின. 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் அக்கட்டாயத்தை நீக்கின. எனினும் பணியமர்த்தத்திலும் பதவி உயர்விலும் கட்டுரைகள் மதிப்பெண் பெறுதலால் வெளியீட்டின் அழுத்தம் குறையவில்லை. மேற்கண்ட வரலாற்றிலிருந்து இச்சூழலுக்கு மூன்று செய்திகளைப் பெறலாம்.

முதலாவது, மதிப்பீட்டாளர் தம் குறிப்பில் மொழித் திருத்தத்தையும் கருத்து மறுப்பையும் பிரித்தெழுதுதல் வேண்டும். ‘மொழி சரியில்லை’ என்னும் பொதுக்குறிப்பால் எழுதியவர் எதையும் கற்க இயலாது. பொருள் மயங்கும் இடங்கள் இரண்டு மூன்றைச் சுட்டினாலே போதும்.

இரண்டாவது, இடையீட்டாளரைத் தேடும் பொறுப்பைத் தனி மாணவரிடம் விடலாகாது. பணமுடையவர் திருத்தகங்களை நாடுகிறார். இல்லாதவர் கட்டுரையைக் கைவிடுகிறார். மாதம் ஒருமுறை துறையில் கூடி ஒருவர் வரைவைப் பிறர் படித்துத் திருத்தும் வழக்கம் செலவற்றது. ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன் ஆகியோர் ஒரு நூலுக்குப் பொறுப்பேற்ற பாயிர மரபிற்கு இது இயைந்ததுமாகும்.

மூன்றாவது, தமிழாய்வு இதழ்களும் தம் வாயிலைத் தாமே நோக்கவேண்டும். தமிழில் எழுதிய கட்டுரைக்கும் ஆங்கிலத் தலைப்பும் சுருக்கமும் கேட்கும் இதழ்கள் பல. உலக ஆய்வாளரைச் சென்றடைய இது பயன்படும். ஆனால் ஆங்கிலச் சுருக்கத்தின் பிழைக்காகத் தமிழ்க் கட்டுரை பின்தள்ளப்படுமாயின், 1996இல் யாழ்ப்பாணத்திலிருந்து எழுந்த முறையீடு நமக்கு எதிராகவும் ஒலிக்கும்.

முடிவுரை

சிந்தனை, வடிவம், வசதி, வாயில் என நான்கு விடைகளும் ஒன்றையொன்று முற்றிலும் நீக்கியவை அல்ல. கேப்லனின் வரைபடங்கள் மட்டுமே இன்று நிலைக்கவில்லை. சுவேல்ஸ், கனகராஜா, ஃபிளவர்டியூ, அமானோ ஆகியோர் கண்டவை ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. ஆய்வுநடை யாவராலும் கற்கப்பட வேண்டியது. ஆதலின் பிறமொழியாளர் தம் பிறப்பால் தாழ்ந்தவர் எனக் கருதத் தேவையில்லை. அதைக் கற்கும் காலமும் பொருளும் துணையும் சமமாகப் பகிரப்படவில்லை. ஆதலின் அவர் முயற்சியின்மையைக் காரணங்காட்டுவதும் முறையன்று. முன்னதை மாணவர் உணரவேண்டும். பின்னதை மதிப்பிடுவோரும் துறையை நடத்துவோரும் உணரவேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்டு வெளிவராது கைவிடப்பட்ட ஆங்கில வரைவுகளையும், அவற்றிற்குக் கிடைத்த மதிப்பீட்டுக் குறிப்புகளையும் திரட்டி ஆராய்வது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.